சந்தனக் கிண்ணத்தில் களிம்பு
வளைகாப்பு மணையில் உட்கார்ந்து சுஜாதா இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறாள். ஊரப்பாக்கம் வீட்டு ஜன்னல் வெயிலில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சோரியாசிஸின் சிவந்த திட்டுகளும் வெள்ளைச் செதில்களும் மினுங்குகின்றன. சந்தனக் கிண்ணத்தில் சந்தனம் இல்லை. டாக்டர் தினமும் பூசச் சொன்ன களிம்பை அவளே வழித்து வைத்திருக்கிறாள். முதலில் பூச வேண்டிய வசந்தா அண்ணியின் விரல்கள் கிண்ணத்துக்கு மேலேயே நிற்கின்றன. "சந்தனம் காஞ்சா தோலு இழுத்துக்கினு அரிக்கும் அண்ணி. இத்தப் பூசுங்க. இந்த நோவு யாருக்கும் ஒட்டாது" என்கிறாள் சுஜாதா. "வளையல மட்டும் போட்டு வுட்றலாமே" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறது. சுஜாதா கையை மடக்கவில்லை. "பூசிட்டுத்தான் வளையல்" என்கிறாள். வசந்தா விரல்களை இழுத்துக்கொள்கிறாள். கல் மோதிரத்தைத் திருகிக் கழற்றி முந்தானையில் முடிகிறாள். "கீறிடப் போவுது" என்றபடி நாலு விரலையும் கிண்ணத்துக்குள் விடுகிறாள்.