மேட்டுக்குப் போன மூஞ்சூறுகள்

வாய்க்கால் உடைந்து வைக்கோல்போருக்குள் தண்ணீர் புகுந்ததும், அம்மா மூஞ்சூறு தன் நாலு பிள்ளைகளோடு களத்துமேட்டுக்குக் கிளம்பினாள். அவள் வாலை மூத்தவன் கவ்வ, அவன் வாலை அடுத்தவள் கவ்வ, ரயில் மாதிரி போனார்கள்.

பாதி வழியில் கடைக்குட்டி, "அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வாயைத் திறந்தாள். பிடி விட்டுப்போயிற்று. தண்ணீரோ பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

அழுகை கேட்டுத் திரும்பி ஓடிவந்த அம்மா, அவளைத் தன் வாலிலேயே சேர்த்துக்கொண்டாள். அதன்பின் வழிநெடுக அம்மாவே பேசினாள்.

"அதோ தெரியுதே புளியமரம், அதைத் தாண்டினா நம்ம வீடுதான்."

புளியமரம் போய்ப் பனைமரம் வந்தது. அதற்கும் அதையேதான் சொன்னாள்.

ஒருவழியாக மேட்டில் ஒரு கல்லிடுக்கு கிடைத்தது. நாலு பேரும் இருந்தார்கள். அம்மா "அப்பாடா" என்று உட்கார்ந்தாள்.

கடைக்குட்டி வாலை விட்டுவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இன்னொரு தடவை போவோமா?"