மணிக்கட்டு மன்னன்

“முதலிரவுக்குக்கூட இதை நான் கழட்டல, தெரியுமா!” என்று மேனேஜர் இடது கையை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். கூடத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டீத் தட்டோடு வந்த அவர் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கூடியிருந்தது கைக்கடிகாரப் பிரியர்கள் சங்கம். மணி தெரிய வேண்டுமென்றால் செல்போனைப் பார்த்துவிட்டு, அதை வைத்துக் கையில் இருப்பதைத் திருத்திக்கொள்ளும் கூட்டம். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். கட்டிய மனைவியின் கையை இத்தனை ஆசையாகப் பிடித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இன்று சாதாரணக் கூட்டமில்லை, போட்டி. எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கடிகாரத்தைக் கையை விட்டுப் பிரியாதவர் யாரோ, அவருக்கு ‘மணிக்கட்டு மன்னன்’ பட்டமும் அடுத்த தலைவர் நாற்காலியும். அந்த நாற்காலிக்காக மேனேஜர் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமில்லை. ஆபீசில் அவரைக் கண்டால் பியூன்கூட எழுந்து நிற்பதில்லை, பாவம்.

கட்டட கான்ட்ராக்டர் முதலில் எழுந்தார். சிமெண்ட் கலவைக்குள் கையை விட்டாலும் கழட்ட மாட்டாராம். அந்த மனிதர் கலவைக்குள் கையை விட்டதை யார் பார்த்தது?

“நான் பல்லு பிடுங்கும்போதே கட்டியிருப்பேன், கையுறைக்கு மேலயே!” என்றார் பல் டாக்டர். அவர் முன்னால் வாயைத் திறந்து படுத்திருந்தவர்களை நினைத்துப் பரிதாபப்பட அங்கே யாருமில்லை. கைதட்டல் காதைப் பிளந்தது.

மேனேஜர் மட்டும் தட்டவில்லை, தலையை ஆட்டினார். பிறகு தன் பட்டியலை எடுத்துவிட்டார்.

“குளிக்கும்போது, தூங்கும்போது, பாத்திரம் கழுவும்போதுகூட கையிலதான் இருக்கும். எங்கப்பா ஆஸ்பத்திரியில கண்ணை மூடினப்ப எல்லாரும் அழுதுட்டிருக்காங்க. எத்தனை மணிக்கு உயிர் போச்சுன்னு நான்தான் நொடி பிசகாம சொன்னேன்!”

மேனேஜர் பாத்திரம் கழுவினார் என்பதைக் கேட்டு அவர் மனைவி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் சமையலறைச் சுவரில் இருக்கும் கடிகாரம் பேட்டரி இல்லாமல் நின்று வெகுநாளாகிறது. சங்கத்தார் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து மேனேஜரின் கையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்.

“ஒரு கீறலைக் காணோமே சார்! கழட்டவே மாட்டேங்கறீங்க, ஆனா நேத்துதான் பெட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கே?”

“பதமா வெச்சுக்கணும் டாக்டர்!” மேனேஜர் சீறினார். “உள்ள இருக்கற ஸ்பிரிங் தலைமுடி மாதிரி மெல்லிசு. லேசா ஒரு அதிர்ச்சி பட்டாலும் ஓட்டம் கெட்டுப்போயிடும். அதனாலதான் நான் கைகூடத் தட்டறதில்ல.”

அடடா, என்ன அக்கறை என்று கூடமே உருகியது. ஆனால் சங்கத் தலைவர் உருகவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி அவர். வேலைதான் போனதே தவிர பழக்கம் போகவில்லை.

“வாய்ப்பேச்சு செல்லாது. சாட்சி இருக்கா?”

“வீட்டுக்குள்ளயே இருக்கே சார் சாட்சி!” மேனேஜர் வாசற்படிப் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இங்க வா. இவளுக்கு இதோட அருமையெல்லாம் தெரியாது சார், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? ஆனா பொய் மட்டும் சொல்ல மாட்டா.”

மறுபடியும் சிரிப்பு. கழுதை என்று ஒருத்தியை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில் அந்தப் பெரிய மனிதர்களுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அவள் வந்து தட்டை மேஜையில் வைத்தாள்.

“பயப்படாம சொல்லும்மா,” என்றார் நீதிபதி. “உன் வீட்டுக்காரர் இந்த வாட்சைக் கழட்டறதே இல்லையா?”

மேனேஜர் அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு சபைக்கு, கண் மட்டும் அவளுக்கு.

“கழட்டுவார் சார்,” என்றாள் அவள்.

கூடத்தில் சலசலப்பு. பல் டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

“அப்படிப் போடும்மா! எப்ப? குளிக்கும்போதுதானே?”

“இல்ல சார்.”

“தூங்கும்போதா?”

“இல்ல. அப்பவும் கையிலதான் இருக்கும்.”

மேனேஜரின் முகம் கறுத்தது. நாற்காலி கைநழுவிப் போகிற கோபத்தில், வலது கை தன்னையறியாமல் இடது மணிக்கட்டுக்குப் போய்ப் பட்டையின் கொக்கியை நெருடியது. அதைப் பார்த்த அவள் சட்டென்று நகர்ந்து, நீதிபதியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“பின்ன எப்பதாம்மா கழட்டுவார்?” என்றார் நீதிபதி.

“என்னை அடிக்கறப்ப மட்டும்.”