இரண்டு கிலோ வெண்ணெய்

“பறிமுதல் அறையிலேர்ந்து ரெண்டு கிலோ வெண்ணெய் திருடியிருக்கே. இதுல கையெழுத்துப் போடு.” சார்ஜென்ட் லோசே காகிதத்தை நகர்த்தினார்.

கான்ஸ்டபிள் வெண்டலினுக்கு முகம் சிவந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த வருடம், தொழிற்சங்கக்காரர்களை அடித்து வாக்குமூலம் வாங்க மறுத்தார். இன்ஸ்பெக்டர் பதவியைப் பிடுங்கித் தெருக்காவலுக்கு விரட்டினார்கள். போன வாரம் குண்டுவீச்சின்போது, சுடுவதற்கென்று அடைத்து வைத்திருந்த மூன்று போலந்துக் கைதிகளைத் திறந்து விட்டது அவர்தான் என்று ஜெர்மனியின் காஸல் நகரமே கிசுகிசுத்தது. ஆனால் திருடன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

“யாருடா புகார் குடுத்தது?” பழைய நண்பனை முறைத்தார் வெண்டலின்.

“நான்தான்.”

அவருடைய மனைவி ஹெட்விக். தொலைபேசி நிலையத்தில் இரவு வேலை முடிந்து, சீருடையோடு நேரே வந்திருந்தாள். “சமையல்கட்டுல ஒளிச்சு வெச்சிருந்தாரு. என் கண்ணால பாத்தேன்.”

“ஹெட்விக்! ஏன் இப்படிப் பொய் சொல்றே?”

அவள் சுவரைப் பார்த்தாள்.

“பொண்டாட்டியை அப்புறம் விசாரி. போடுடா கையெழுத்தை!” லோசேயின் பார்வை கடிகாரத்துக்குப் போய் வந்தது.

மாடியில் நீதிபதி பத்தே நிமிடத்தில் ஆறு மாதச் சிறை என்று எழுதினார். முற்றத்தில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

ஏறும்போது வெண்டலின் திரும்பினார். “இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

லாரி மேற்கே, மாவட்டச் சிறைக்குப் புறப்பட்டது. அந்தப் பக்கம்தான் மூன்று நாட்களாக அமெரிக்கப் பீரங்கிகள் முழங்கின.

அரை மணி கழித்துக் கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. ரகசியப் போலீஸார் இருவர் இறங்கினார்கள்.

“வெண்டலின் எங்க? சாயங்காலத்துக்குள்ள சுட்டாகணும். நேத்து ராத்திரியே பெர்லின்லேர்ந்து போன்ல உத்தரவு வந்தாச்சு.”

“அடடா! திருட்டுக் கேசுல உள்ள போயிட்டானே சார். இப்ப அவன் கோர்ட்டுக் கைதி. மேற்குச் சிறைக்குப் போய்க் கேட்டு வாங்கிக்குங்க.”

தொலைவில் மறுபடி பீரங்கி அதிர்ந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கார் கிழக்கே திரும்பிப் பறந்தது.

லோசே நாற்காலியில் சரிந்தார். “அவன் ஜென்மத்துக்கும் உன்னை மன்னிக்க மாட்டாம்மா.”

ஹெட்விக் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

“திட்டறதுக்கு உயிரோட இருப்பாரில்ல?”