வாய் திறக்காத மீன்

காட்டு ஓடைகளில் அருகிப்போன அந்த மீன் இனத்தில், காப்பகத்தில் இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதில் ஆண் மீன் இரையைத் தொடுவதையே நிறுத்திவிட்டது. தொட்டியைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்தவளுக்கும் சோறு இறங்கவில்லை.

“வாயத் திறக்கவே மாட்டேங்குது டாக்டர். கன்னம் வேற வீங்கிக் கிடக்கு. செத்துப் போயிடுமா?”

மருத்துவர் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்தார். “பொம்பள மீன் எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, ஒரு கவலையும் இல்லாம வெட்டு வெட்டுன்னு வெட்டுது.”

“புள்ளைங்களப் புருஷன் தலையில கட்டியாச்சு. வேறென்ன கவலை?”

அவள் திருதிருவென்று விழித்தாள். அதற்குள் ஆண் மீன் மெல்ல வாயைத் திறந்தது. கடுகு கடுகாகக் குஞ்சுகள் வெளியே நீந்தி வந்தன.

“இந்த இனத்துல அப்பன்தாம்மா வாயிலயே வச்சு வளர்க்கும்.”

அவள் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். அவ்வளவுதான், மிரண்ட குஞ்சுகள் மொத்தமும் அப்பன் வாய்க்குள் ஓடி ஒளிந்துகொண்டன.