மேடு ஏறிய பெல்ட்

மலைத் தோட்டத்தில் ஓடும் ஒரு நாலுசக்கர வண்டியின் தானியங்கி கியர் பெட்டிக்குள், எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஒரு ரப்பர் பெல்ட் இருந்தது. வண்டியே தன்னால்தான் ஓடுகிறது என்று அதற்கு நினைப்பு. பக்கத்தில் லோ கியர் சும்மா உட்கார்ந்திருந்தது. செங்குத்தான மேட்டுக்கும் கனத்த பாரத்துக்கும் என்றே செய்யப்பட்ட அதை, ஓட்டுகிற தாசையா ஒருநாளும் போட்டதில்லை.

அன்று அவர் முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினார். பெல்ட் கொதித்தது.

"அண்ணே, கொஞ்சம் வழுக்கிக் காட்டுங்க. அவர் நிறுத்திட்டு என்னைப் போடுவார்" என்றது லோ கியர்.

"எதுக்கு? வெயில்ல லேசா சூடு, அவ்வளவுதான்."

"வெளியே மழை பெய்யுதுண்ணே."

"மழையிலயும் புழுக்கம் உண்டு தம்பி."

ஓரத்து நூல் பிரியத் தொடங்கியது. இன்னொரு வளைவு வந்தால் அறுந்துவிடுவோம் என்று பெல்ட்டுக்குத் தெரிந்தது. அறுவதா, உதவி கேட்பதா என்று யோசித்தது. அறுவதுதான் சற்றுக் கௌரவமாகப் பட்டது. ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் புகைய ஆரம்பித்தது.

தாசையா முகர்ந்து பார்த்தார். "இந்தக் காட்டுல யாரு கடலை வறுக்கிறது?" என்று சுற்றிப் பார்த்தவர், புகை தம் சீட்டுக்கு அடியிலிருந்து வருவதைக் கண்டு குதித்து இறங்கினார். சூடு ஆறும்வரை காத்திருந்து, லோ கியரைப் போட்டார்.

பெல்ட்டின் மேல் விழுந்த பாரம் பாதியாகக் குறைந்தது. அதற்கு உயிர் வந்தது.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"அதை நான்தான் உன்னைக் கேக்கணும்" என்றது பெல்ட். "உட்கார்ந்தே துருப்பிடிச்சிடுவியேன்னு எவ்வளவு பாடுபட்டு உனக்கு ஒரு வேலை வாங்கிக் குடுத்திருக்கேன்."