மூன்றாவது எலுமிச்சை

விடுமுறைக்கு மெர்சிங் கடற்கரைக்கு வந்திருந்த ரூபினி, சாவகாசமாகச் சைக்கிள் ஓட்டப் பன்னிரண்டு கிலோமீட்டர் பாதை ஒன்றைக் கைப்பேசியில் போட்டு வைத்திருந்தாள். மீன்பிடித் துறை, பாலம், தென்னை வரிசை, திரும்பும் வழியில் குளிரக் குளிர ஒரு கிண்ணம் செண்டோல்.

புது வண்டிக்குச் செய்வதை வாடகைச் சைக்கிளுக்கும் செய்தால்தான் அவளுக்கு மனம் ஆறும். காலையில் ஹோம்ஸ்டே வாசலின் சிமெண்டுத் தரையில், மூன்று முன்சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவளுடையது நசுங்கியது. கணவன் காளிதாஸுடையதும் நசுங்கியது. பதினோரு வயது மகள் கவிஷா ஓட்டிப் போன பிறகும் மூன்றாவது பழம் முழுசாகக் கிடந்தது.

"காய் லா அது," என்றான் காளிதாஸ்.

ரூபினி அழுத்திப் பார்த்தாள். நன்றாகப் பழுத்திருந்தது.

"இன்னொரு வாட்டி ஏத்தும்மா."

கவிஷா ஏற்றினாள். பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ரூபினி கைப்பேசியைத் திறந்து, பாதையிலிருந்து பாலத்தை எடுத்தாள். பிறகு மீன்பிடித் துறையையும் எடுத்தாள். பன்னிரண்டு கிலோமீட்டர் ஆறானது. ஆறு இரண்டானது.

"இதுக்கு நடந்தே போலாம்," என்றான் காளிதாஸ்.

கவிஷா மணியடித்தாள். "போலாமாம்மா? வெயில் வந்துரும்."

"இருடா. ஒரே ஒரு வாட்டி."

கவிஷா கடலைப் பார்த்தபடியே மிதித்தாள். ரூபினி குனிந்து பழத்தை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். காளிதாஸ் தடுப்பதற்குள் சக்கரம் அவள் விரல்களின் மேல் ஏறி இறங்கியது.

வலிக்கவே இல்லை.