மாலை போட்ட படம்

கலியன் செத்துப்போன விஷயம் கலியனுக்கே ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் தெரிந்தது.

கரியாஹாட் சந்தையில் மல்லிகைப்பூவும் மிஷ்டி இனிப்புப் பெட்டியும் வாங்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் நுழைந்தார். பதினொரு மணிக்குக் கரக்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மகள் அக்‌ஷயா பட்டுப்புடவையில், கையில் போனோடு, முகம் வெளுத்து நின்றாள்.

"அப்பா, குரூப்ல உங்களுக்கு ஓம் சாந்தி போட்டுக்கிட்டு இருக்காங்கப்பா."

"எனக்கா?"

ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குரூப் அது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வெள்ளிக்கிழமை கிடர்பூர் ஆபீசில் கலியனுக்கு நடந்த பணி ஓய்வு விழாப் படத்தை, கூட வேலை பார்த்த சந்தீப் காலையில் போட்டிருந்தான். கழுத்தில் கனத்த சாமந்தி மாலை. போட்டோ எடுத்த நேரம் கண் வேறு மூடியிருந்தது. 'பணி ஓய்வு பெற்ற கலியன் சாரை வாழ்த்துவோம்' என்று படத்துக்கு அடியிலேயே எழுதியிருந்தான். அதை யார் படித்தார்கள்?

ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. கூப்பிய கைகள். மறுபடி ஓம் சாந்தி. மொத்தம் எழுபத்து மூன்று.

"இந்த மதுவைப் பாரு. 'என் தந்தையை இழந்தேன்'னு போட்டிருக்கான். இவன் அப்பன் சேலத்துல குத்துக்கல்லாட்டம் இருக்கான்!" என்று கத்தினார் கலியன்.

எழுபத்து மூன்று பேரில் ஒருத்தருக்காவது, எப்போது எடுக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றியதா? இல்லை. விரலை அசைத்துத் துக்கத்தை முடித்துவிட்டு எல்லோரும் டிபன் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"குரூப்பைத் திட்டாதீங்க" என்றாள் மனைவி சாவித்திரி, கேசரியைக் கிளறியபடி. "கரக்பூர் வரன் அதுலதானே வந்துச்சு."

அப்போதுதான் கலியனுக்குச் சுருக்கென்றது. பையனின் அப்பா பார்த்தசாரதியும் அதே குரூப்பில்தான் இருக்கிறார். சார்ஜில் கிடந்த தன் போனை எடுத்து அவசரமாக அவரைக் கூப்பிட்டார்.

"ஹலோ, யாரு பேசறது?" ரயில் சத்தத்துக்கு நடுவே பார்த்தசாரதியின் குரல்.

"நான்தாங்க, கலியன்."



"சார்... நீங்க இருக்கீங்களா? நான்கூட இரங்கல் போட்டேனே, பார்க்கலையா?"

"அது தப்பான சேதிங்க. எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?"

"பாதி வழியில சேதியைப் பார்த்தோம். உலுபேரியாவுல இறங்கி எதிர் வண்டியில ஏறிட்டோம். வீட்டுக்குப் போய்த் தலை முழுகணும்."

"நான் குத்துக்கல்லாட்டம் பேசிக்கிட்டு இருக்கேன், எதுக்குங்க தலை முழுகறீங்க? அடுத்த வண்டியைப் பிடிச்சு வாங்க."

பார்த்தசாரதி குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். எங்க வீட்ல சகுனம் பார்க்கறவங்க. பொண்ணு பார்க்கக் கிளம்பின அன்னிக்கே இப்படின்னா, மனசுல பட்டுடுச்சுங்கறாங்க. இதோட விட்டுடுவோம். தப்பா நினைச்சுக்காதீங்க."

போன் கட்டாகிவிட்டது.

அக்‌ஷயா தலையில் வைக்க எடுத்த மல்லிகைப்பூவைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தாள். இரண்டு வருஷம் அலைந்து, பெண்ணுக்கும் பிடித்து அமைந்த ஒரே இடம்.

"ஒருத்தன் மாலையைப் பார்த்தான், ஓம் சாந்தி போட்டான். மத்தது எல்லாம் ஆட்டு மந்தை மாதிரி பின்னாலயே போயிருக்கு. என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தது அந்த முதல் ஆள்தான்!"

"நீங்களும்தான் தினம் விடிஞ்சதும் கண்ணாடிகூட மாட்டாம நாலு பேருக்குப் போடறீங்க" என்றாள் சாவித்திரி.

"நான் ஆளைப் பார்த்துப் போடறவன்டி. இவனுங்க மாதிரி மாலையைப் பார்த்துப் போட மாட்டேன். அக்‌ஷயா, உன் போன்ல மேல தள்ளிக்கிட்டே போம்மா. முதல்ல போட்டது எவன்னு பாரு."

அவள் தள்ளிக்கொண்டே போனாள். சட்டென்று விரல் நின்றது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு? மணிவேலா? அவனுக்குத்தான் என்னைக் கண்டா ஆகாது."

"வேணாம்பா. விடுங்க."

"என்ன விடறது? இன்னிக்கு அவன் வீட்டு வாசல்ல நின்னு, நாலு பேர் கேக்க, 'நீயெல்லாம் மனுஷனா'ன்னு கேக்காம விடமாட்டேன். சொல்லு, யாரு?"

அக்‌ஷயா போனை நீட்டினாள். கலியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம். 'ஓம் சாந்தி. நல்ல மனிதர். ஈடுசெய்ய முடியாத இழப்பு.' அனுப்பியவர்: கலியன்.